லேபிள் தாத்தா

பாக்கெட்டின் முன்பக்கத்தை அவர் பார்த்ததே கிடையாது. கைக்கு வந்ததும் புரட்டுவார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், மூக்கில் இடிக்கும் தூரத்தில் வைத்துப் படிப்பார். "நூறு கிராமுக்கு ஐந்நூத்திச் சொச்சம் போட்டிருக்கான். வெளங்குமா?" வெள்ளைக்காரனுக்கே கிஸ்தி கட்ட மறுத்த பாஞ்சாலங்குறிச்சியில், இவருக்கு மட்டும் எல்லோரும் கலோரிக் கணக்குக் காட்டியாக வேண்டும்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி, சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம். லேபிளுக்கென்று அரசு வைத்திருக்கும் இந்த அளவுகோல் அவருக்கு மனப்பாடம். ஆனால் சட்டம் பாக்கெட்டுக்குத்தானே? கட்டபொம்மன் கோட்டைப் பக்கம் யாராவது பஜ்ஜி போட்டால் நாலை உள்ளே தள்ளுவார். வீரசக்கதேவி கோயில் சர்க்கரைப் பொங்கலுக்கும் விலக்கு உண்டு. அச்சடிக்காத கலோரி உடம்பில் ஒட்டாது என்பது அவர் சித்தாந்தம்.

லீவுக்கு வந்த பேத்தி ஒரு நாள் இமோ மோச்சி செய்தாள். ஜப்பானில் ஹொக்கைடோ பக்கத்துப் பலகாரம். உருளைக்கிழங்கை அவித்து மசித்து, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் போட்டுப் பிசைந்து, வடை மாதிரித் தட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கச் சுட வேண்டும். கடித்தால் ஜவ்வாக இழுபடும். மேலே சோயா சாஸும் சர்க்கரையும் கலந்த பாகு. சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சியிருந்தாள்.

தாத்தா தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். சீர் செய்தவர் பெயர்தான் வெட்டியிருந்தது.

"இதுல சத்து என்ன தாயி?"

"வெறும் கிழங்குன்னா நூறு கிராமுக்கு 77 கலோரிதான் தாத்தா. முக்காவாசிக்கு மேல தண்ணி. ஸ்டார்ச்சும் வெண்ணெயும் சேரும்போதுதான் ஏறுது. புரதம் பேருக்குத்தான். ஸ்டார்ச் சூட்டுல தண்ணியக் குடிச்சு உப்புதுல்லா, அதான் இப்படி இழுக்கு."

வாய்வார்த்தையை நம்பி அவர் என்றைக்குச் சாப்பிட்டார்? அடுக்களைக்குள் போய் சாஸ் பாட்டிலை எடுத்துவந்தார். ஒரு மேசைக்கரண்டிக்குச் சோடியம் 900 மில்லிகிராம். ஒரு நாள் கணக்கில் கிட்டத்தட்டப் பாதி! முகம் கறுத்துவிட்டது. கருப்பட்டியும் வெள்ளைச் சர்க்கரையும் கலோரியில் அண்ணன் தம்பிதான். ஆனால் அது வந்தது ஓலைக்கொட்டானில். ஓலையில் ஒன்றும் அச்சடித்திருக்கவில்லை.

"எனக்குச் சாஸ் வேண்டாம் தாயி, ரத்தக்கொதிப்பு வந்திரும். அந்தக் கருப்பட்டிப் பாகைத் தனியா இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."