தாத்தா என்ன உத்தியோகம்?

இந்த வாரக் கேள்விகள் ஒரே திசையிலிருந்து வந்து குவிந்திருக்கின்றன. பாட்டன், பூட்டன் என்ன வேலை பார்த்தார் என்று தேடும் ஆர்வம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொற்றிக்கொண்டிருக்கிறது போலும். ‘ராஜாவுக்கு மந்திரியாக இருந்தார்’ என்று ஒருவர்கூட எழுதவில்லை. அந்த நேர்மைக்காகவே எல்லாருக்கும் பதில்.

கேள்வி: பழைய கிரயப் பத்திரத்தில் பாட்டனார் பெயரை அடுத்து ‘சால்ட் பியூன் உத்தியோக ஜீவனம்’ என்றிருக்கிறது. உப்பு வியாபாரமா? (மீஞ்சூர்)

வியாபாரம் இல்லை, திருட்டு உப்பு விற்றவர்களைத் துரத்திப் பிடிக்கிற வேலை. 1805 முதல் சென்னை மாகாணத்தில் உப்பு சர்க்காரின் ஏகபோகம். உங்கள் பக்கத்து அத்திப்பட்டு, எண்ணூர் அளங்களில் விளைந்தது கணக்கில் ஏறாமல் ஒரு படிகூட வெளியே போகக் கூடாது. கழியோரம் தானாகப் பூத்த உப்பைச் சுரண்டினாலும் குற்றம். அதைக் காவல் காக்க உப்பு இலாகா வைத்த சேவகர்களில் உங்கள் பாட்டனாரும் ஒருவர். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பள்ள நடந்தாரே, அப்போது இவர் பணியில் இருந்திருந்தால் எதிர்த்தரப்பு. வீட்டில் தியாகிக்கான தாமிரப் பத்திரம் இருக்கிறதா என்று பரண் ஏறித் தேட வேண்டாம்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா ‘படகு இழுத்தார்’ என்கிறார் பாட்டி. படகை ஓட்டுவார்கள், இழுப்பார்களா? (பொன்னேரி)

பாட்டி சொல்வது சரி. பக்கிங்காம் கால்வாயில் காற்று வாகாக இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லையென்றால் துடுப்புக் கழி. அதுவும் போதாதபோது ஆட்கள் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, படகு நிறைய விறகோடும் உப்போடும் நடக்க வேண்டியதுதான். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்த வாய்க்கால், பழவேற்காடு ஏரி வழியாக வடக்கே ஆந்திரம் வரை நீண்டது. தெற்கே மரக்காணம் போனது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை, பசித்தவர்களைக் கொண்டே வெட்டினார்கள். வெட்டியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சென்னைப் பட்டணத்தின் அடுப்புகளுக்கு ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து சவுக்கு விறகு வந்தது இந்தப் படகுகளில். இப்போது அதே தீவிலிருந்து ராக்கெட் போகிறது. உங்கள் கொள்ளுத்தாத்தா அந்த ஊருக்கு முன்கூட்டியே போக்குவரத்து நடத்தியவர் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாத்தா ரயில்வேயில் ‘கால் பாய்’ ஆக இருந்தாராம். ஆபீஸ் பையனா? (திருவள்ளூர்)

கடிகாரம். டிரைவர், ஃபயர்மேன், கார்டு வீடுகளுக்கு அகால வேளையில் போய்க் கதவைத் தட்டி, இன்ன வண்டிக்கு இத்தனை மணிக்கு டியூட்டி என்று சொல்லி, புத்தகத்தில் கையெழுத்து வாங்கி வருவார். மழையோ நாயோ காரணம் சொல்ல முடியாது. அவர் தூங்கினால் மெயில் வண்டியும் தூங்கும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதே உங்கள் ஊர் வழியாகத்தான். ரயில்வேக்காரர் இல்லாத பழைய குடும்பம் அங்கே அபூர்வம்.

கேள்வி: எங்கள் மாவட்டத்திலேயே மிகப் பழைய தொழில் எது? (பூண்டி)

உங்கள் ஊர் நீர்த்தேக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது விடை: அத்திரம்பாக்கத்தில் கற்கோடரி செய்தல். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கல் கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னால் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்து பார்த்து, அங்குள்ள கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் அறிவித்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு முன்பே இங்கே ஒரு தொழிற்பேட்டை நடந்திருக்கிறது. புகை மட்டும் கிடையாது.

கேள்வி: எங்கள் நிலம் பழைய பதிவேட்டில் ‘தண்ணீர்ப் பந்தல் இனாம்’ என்றிருக்கிறது. இது ஒரு வேலையா? (பெரியபாளையம்)

வேலைதான். வழிப்போக்கர்களுக்குத் தாகம் தீர்ப்பது கடமை, அதற்குக் கூலி அந்த நிலத்தின் வருமானம். 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் ஊர் ஊராகப் போய், இந்த நிலம் யாருக்கு, எதற்காக விடப்பட்டது என்று விசாரித்து எழுதிவைத்தது. அந்தப் பதிவேடுகளைப் புரட்டினால் மேளக்காரர், பூந்தோட்டம் பார்த்தவர், கோயிலில் ஆடியவர் என்று ஒரு கிராமமே எழுந்து வரும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். உங்கள் முன்னோர் இனாமாகக் கொடுத்த தண்ணீரை இப்போது உங்கள் மாவட்டத்திலிருந்து டேங்கர் லாரி விலைக்குச் சென்னைக்குக் கொண்டுபோகிறது. பந்தல் போய் லாரி வந்ததைத்தான் வளர்ச்சி என்கிறார்கள்.

கேள்வி: மூதாதையர் டச்சுக்காரர்களிடம் வேலை பார்த்தார்களாம். குமாஸ்தாவாக இருந்திருப்பார்களோ? (பழவேற்காடு)

எல்லாரும் குமாஸ்தா என்றுதான் ஆசைப்படுகிறோம். 1613-ல் கெல்டிரியா கோட்டை கட்டி, 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக் கம்பெனியின் தலைநகர் உங்கள் ஊர். நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி: சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்து சாயமேற்றிய துணி கப்பலேறிப் போய், கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்புமாக மாறியது. தறிக்காரர், சாயக்காரர், சுமைகாரர், படகுக்காரர் எத்தனையோ பேர் இருக்க, பேனா பிடித்தவர் கொஞ்சம்தான்.

இன்னொரு பட்டியலும் உண்டு. பஞ்சத்திலும் போரிலும் அகப்பட்டவர்களை அதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கில் படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக அனுப்பினார்கள். அதைத் தொழில் என்று யாரும் எழுத முடியாது. அவர்களுடைய வாரிசுகள் இன்று ஜகார்த்தாவில் எந்தப் பெயரில் இருக்கிறார்களோ, அவர்கள் நம்மிடம் கேள்வி கேட்டு எழுதவும் வழியில்லை.

கேள்வி: கொள்ளுத்தாத்தா பாம்பு பிடித்தவர். கல்யாணப் பேச்சில் அதைச் சொல்லாதே என்கிறார் அம்மா. (ஊத்துக்கோட்டை)

அம்மாவிடம் சொல்லுங்கள்: மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது இதே வேலைக்காக. 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணம் தன் காட்டில் மலைப்பாம்பு பெருகி முழி பிதுங்கியபோது, விமானம் ஏற்றி அழைத்துக்கொண்டதும் அவர்களைத்தான். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்று இருளர்களின் பிழைப்பு போனது. 1978-ல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்து, விஷம் எடுத்துக் கொடுத்து நிமிர்ந்தார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலம். மாப்பிள்ளை வீட்டாரின் கொள்ளுத்தாத்தா என்ன கிழித்தார் என்று பதிலுக்குக் கேளுங்கள்.

கேள்வி: தாத்தா தண்டோரா போட்டவர். வெளியே சொல்லலாமா? (ஆரணி)

ஊரில் எல்லாச் சேதியையும் வெளியே சொன்னதே அவர்தானே! 2022-ல் தண்டோரா கூடாது என்று தமிழ்நாடு அரசு நிறுத்திவிட்டது, சரியான காரியம். பறையைத் தூக்கியது அவர் தேர்ந்தெடுத்த வேலை அல்ல, ஊர் அவர் சாதியின் தலையில் கட்டியது. வெட்கப்பட வேண்டியது ஊர்.

கேள்வி: தாத்தா ஒரே இடத்தில்தான் வாழ்ந்தார். ஆனால் ஆவணம் எதுவும் கிடைக்கவில்லையே? (திருத்தணி)

தாத்தா நகரவில்லை, எல்லை நகர்ந்தது. திருத்தணி 1911 வரை வடஆற்காடு, பிறகு சித்தூர், 1960 ஏப்ரலில் ம.பொ.சி., மங்கலங்கிழார் போராட்டங்களுக்குப் பின் தமிழ்நாட்டோடு சேர்ந்து செங்கல்பட்டு, 1997 முதல் திருவள்ளூர். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி நாலு ஜில்லா பார்த்தவர் அவர். சித்தூரில் தேடுங்கள், கொஞ்சம் தெலுங்கு படித்துக்கொண்டு.

கேள்வி: நேட்டால் கப்பல் பட்டியலில் எங்கள் மூதாதையரின் ஊர், தகப்பன் பெயர், உடம்பிலுள்ள தழும்புகூட இருக்கிறது. தொழில் இல்லை. ஏன்? (டர்பன்)

கேட்டவர் யார் என்று பாருங்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கரும்புத் தோட்ட முதலாளிக்கு வேண்டியது இரண்டு கை. ஓடிவிட்டால் பிடிக்க உயரமும் தழும்பும். அந்தக் கைகள் இங்கே தறி நெய்தனவா, பானை வனைந்தனவா என்பது அவருக்கு எதற்கு? ஒரு யோசனை: ‘செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா’ என்றிருந்தால் செங்கல்பட்டுக்கு ரயில் ஏறாதீர்கள். பொன்னேரி இன்று திருவள்ளூர் மாவட்டம்.

கேள்வி: சிப்காட் உருக்காலையில் வேலை பார்க்கிறேன். நூறு வருஷம் கழித்துக் கொள்ளுப்பேரன் என் வேலையைப் பார்த்துச் சிரிப்பானா? (கும்மிடிப்பூண்டி)

சிரிக்க அவனுக்கு முதலில் தெரிய வேண்டுமே! நீங்கள் கான்ட்ராக்ட் ஆள் என்றால் சம்பளச் சீட்டில் ‘ஹெல்பர்’ என்ற ஒரே வார்த்தைதான் இருக்கும். பழுத்த கம்பியை இடுக்கியால் பிடித்தீர்களா, கிரேன் ஓட்டினீர்களா, உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்றீர்களா, ஒன்றும் இருக்காது. டர்பன்காரர் பார்த்த பட்டியலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, தழும்பு மட்டும் எழுதுவதில்லை. உங்கள் பக்கத்தில் நிற்கும் ஒடிசாக்காரர், பீகார்க்காரர் பாடு இன்னும் மோசம். அவர் பேரன் ஒருநாள் ‘கும்மிடிப்பூண்டி’ என்ற பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு தேடி வரப்போகிறான்.

ஆகவே இன்று ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் போட்டோ ஒன்றின் பின்னால் ஆலையின் பெயர், வருஷம், எந்த மெஷின், என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம் என்று பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். பக்கத்து ஆளையும் அவர் மொழியில் எழுதச் சொல்லுங்கள்.