மண்டிக்கு ஒரு விலைப்பலகை

திண்டிவனத்து மண்டி முதலாளி ஒருவர் தம் கடைக்கு வெப்சைட் வேண்டும் என்று வந்து நின்றது 2001 வாக்கில். நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு மாடிக் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாசலில் சாக்பீஸால் எழுதும் விலைப்பலகை கம்ப்யூட்டரிலும் தெரிய வேண்டும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, உளுந்து, எள், நெல். மூட்டை என்ன விலை, நேற்றைக்கு இன்று ஏற்றமா இறக்கமா. தீர்ந்தது.

எந்தக் கருவியில் செய்வது என்ற பேச்சே எழவில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து யாரோ வாங்கிவந்த சிடியில் மைக்ரோசாஃப்ட்டின் ஃபிரண்ட்பேஜ் இருந்தது; ஆகவே ஃபிரண்ட்பேஜ். அதற்குப் போட்டியான டிரீம்வீவர் 1997 கடைசியிலேயே வெளிவந்திருந்தாலும் அந்த சிடி எங்கள் மாடிப்படி ஏறவில்லை. அதற்குப் பிறகு இத்தனை நிம்மதியாக ஒரு தொழில்நுட்பத் தேர்வை நான் செய்ததில்லை.

ஃபிரண்ட்பேஜ் கேட்டதையும் கொடுக்கும், கேட்காததையும் கொடுக்கும். ஒரு சொடுக்கில் அட்டவணை, இன்னொரு சொடுக்கில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் கவுண்ட்டர். மவுஸ் பட்டதும் நிறம் மாறுகிற பட்டனுக்குப் பின்னால் ஒரு ஜாவா ஆப்லெட்டே உட்கார்ந்திருக்கும். பக்கத்தின் எச்.டி.எம்.எல்.லைத் திறந்தால் கட்டத்துக்குக் கட்டம் ஃபாண்ட் டேக். நோட்பேடில் போட்டு ஒவ்வொன்றாக அழிப்போம். எதை அழித்தால் பலகை சரிகிறதோ அது தேவையானது என்று அர்த்தம். எனக்கு எச்.டி.எம்.எல். வந்தது அந்தக் குப்பையைக் கூட்டித்தான்.

தமிழ் தனிக்கூத்து. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு எழுத்துருக் குறியீடுகளுக்கு ஒரு தரம் வகுத்திருந்தது. எங்கள் சென்டரில் இருந்த ஃபாண்டுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. அதே ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் உளுந்து விலை ஏதோ ஐரோப்பிய பாஷையில் தெரியும். முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “தம்பி, ரேட்டு மட்டும் நல்லாத் தெரியுதுப்பா” என்றார். பெரிய மனசு.

ஃபிரண்ட்பேஜ் கவுண்ட்டருக்கு ஒரு நிபந்தனை உண்டு. சர்வரில் மைக்ரோசாஃப்ட்டின் துணைநிரல்கள் இருந்தால்தான் அது எண்ணும். 2006இல் மைக்ரோசாஃப்ட் அந்த மென்பொருளையே கைவிட்டது. அந்த நிரல்கள் நீங்கிய சர்வர்களில் கவுண்ட்டர்களும் படுத்துவிட்டன. வெறும் எச்.டி.எம்.எல். அட்டவணை மட்டும் கல்லுக்குண்டாக நின்றது.

இப்போது மண்டியைப் பார்த்துக்கொள்வது மகன். விழுப்புரம் மாவட்டமும் முன்போல இல்லை. வானூர் வட்டத்துத் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் டைடல் நியோ ஐ.டி. பூங்காவே திறந்தாயிற்று. மகனும் கேட்டது அதே விலைப்பலகைதான். “அண்ணா, நம்ம சைட்லயும் வரணும், கமிஷன்காரங்க சைட்ல ஒட்டினாலும் வரணும்.”

இந்த முறை கருவி தேடுவதே தனி வேலையாகிவிட்டது. என்னோடு வேலை பார்க்கிற இரண்டு பையன்கள் எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டார்கள். லைப்ரரி என்றால் ஸ்டென்சிலா, லிட்டா, ஏ.ஐ. என்றால் கோபைலட்டா, சாட்ஜிபிடியா, வி-ஜீரோவா, மாதச் சந்தா எவ்வளவு, இலவசத்தில் எவ்வளவு. பட்டியல் வலப்பக்கமாக வளர்ந்துகொண்டே போனது. மண்டியில் அதற்குள் மல்லாட்டை ஏறி இறங்கி மறுபடி ஏறிவிட்டது.

கடைசியில் ஒரு ஏ.ஐ. கருவியிடம் தமிழிலேயே கேட்டோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருட்டு வண்ணம், வெளிச்ச வண்ணம், வழுக்கிக்கொண்டு வரும் அம்புக்குறி எல்லாம் இருந்தது. ரகத்துக்கு ஒரு படம் வேறு. மல்லாட்டைக்கு முந்திரிக் கொட்டை. லட்சத்தை 100,000 என்று காற்புள்ளி வைத்திருந்தது. 80 கிலோ மூட்டைக் கணக்கை அதுவாகவே கிலோவுக்கு மாற்றியிருந்தது. நிரலோ படு சுத்தம், ஒரு குப்பை இல்லை. குப்பை இல்லாததால் பையன்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

நான் திறந்து பார்த்தேன். நான்கு விலை காட்டுவதற்கு ரியாக்ட் லைப்ரரியையும் அதன் சுற்றம் முழுவதையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி அழைத்திருந்தது. பட்டியலில் விட்டுப்போன கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: இந்தக் கருவி நாளைக்குக் கடையைக் கட்டினால் பலகை நிற்குமா? நாமே பெயர் வைத்து, பிரவுசரே புரிந்துகொள்ளும் டேக், அதாவது கஸ்டம் எலிமென்ட் என்றால் நிற்கும். குரோம் 2016இலும், சஃபாரி 2017இலும், ஃபயர்ஃபாக்ஸ் 2018இலும், எட்ஜ் 2020இலும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. அதற்கென்று கூகுள் கொண்டுவந்த பாலிமர் ஓரங்கட்டப்பட்டு, அந்த இடத்தில் லிட் வந்துவிட்டது. எலிமென்ட் அப்படியே இருக்கிறது. பெயர் சிறிய ஆங்கில எழுத்தில் தொடங்கி நடுவில் ஓர் இடைக்கோடு இருந்தால் போதும், மிச்சத்தைத் தமிழிலேயே வைக்கலாம். கருவியிடம் திரும்பப் போய், வெளியிலிருந்து எதையும் இழுக்காமல் ஒரே ஃபைலில் தா என்றோம். மறுபேச்சில்லாமல் தந்தது. லட்சத்தையும் மூட்டையையும் நாங்கள் திருத்தினோம்.

கூட்டேரிப்பட்டு தாண்டி, திண்டிவனம் போய் மண்டியில் போட்டுக் காட்டினேன். மகன் போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். பெரியவர் எட்டிப் பார்த்து, “டிவி நியூஸ்ல கீழ ஓடுதே, அந்த மாதிரி ஓட விடேன் தம்பி” என்றார். அப்படி ஓட விடுகிற மார்க்கீ டேக் வழக்கொழிந்தது என்று எச்.டி.எம்.எல். 5 எழுதியே வைத்திருக்கிறது. எல்லா பிரவுசரும் இன்னும் அதை ஓட்டுகின்றன. அங்கேயே உட்கார்ந்து கையால் அடித்தேன், ஒரே வரி. பையன்கள், இது எந்த லைப்ரரி என்று கேட்டார்கள்.