கேமரா சித்தப்பா

கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ வரிசையில் அவர் பெயர் மூன்றாவதாக இருக்கும். பெண்ணுக்குச் சொந்தச் சித்தப்பா. மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு, சந்தனக் கிண்ணத்தை நீட்ட வேண்டிய மனிதர். ஆனால் முகூர்த்தத்தன்று காலை ஐந்தரை மணிக்கு வாசலில் தேடினால் ஆள் அகப்பட மாட்டார். கட்டியிருக்கும் வாழைமரத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குலைக்கும் பூவுக்கும் நடுவே இருக்கிற சந்து வழியாக நாகஸ்வரக்காரரின் உப்பிய கன்னத்தைக் குறிபார்த்துக்கொண்டிருப்பார்.

“சித்தப்பா, சம்பந்தி வீட்டுக்காரங்க இறங்கிட்டாங்க!”

“இருடா, இப்பத்தான் லைட்டு விழுது.”

கும்பகோணமானாலும் கோவில்பட்டியானாலும் ஒரு கல்யாணத்துக்கு இப்படி ஒருவர் உண்டு. சில வீடுகளில் மாமா, சில வீடுகளில் அத்தான். உறவுமுறை மாறுமே தவிர உருவம் மாறாது. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, அதன் மேல் பூணூல் மாதிரி குறுக்கே ஓடும் கறுப்புத் தோள்பை. மொய்க் கவர் இருக்க வேண்டிய சட்டைப்பையில் இரண்டு பேட்டரிகள். “மொய்யா? நான் எடுக்கிற போட்டோதான்யா என் மொய்” என்பது அவர் பல கல்யாணங்களில் அறிவித்திருக்கிற கொள்கை. சித்தி வாயைத் திறக்காமல் மொய் எழுதுகிற மேஜைக்குப் போய், 1,001 ரூபாயை அவர் பெயரில் எழுதிவைத்துவிட்டு வருவார்.

அவரிடம் எது தொலைந்தாலும் கிடைத்துவிடும், லென்ஸ் மூடி தவிர. ஒரு கல்யாணத்தில் அதுவும் கிடைத்தது, தாலித் தட்டில். தேங்காய்க்கும் மஞ்சளுக்கும் பக்கத்தில் ஒரு நிமிஷம் என்று வைத்தவர் மறந்துவிட்டார். தட்டு சபையைச் சுற்றி வந்தது. பெரியவர்கள் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கண் சரியாகத் தெரியாத ஒரு பாட்டி மூடியையும் தொட்டு ஒற்றிக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் அத்தனை பேர் ஆசியையும் வாங்கிய மூடி என்று அதற்கு ஒரு தனி மரியாதை இப்போது.

மண்டபத்தில் அவருக்கு எதிரிகள் உண்டு: காசு வாங்கிக்கொண்டு வந்திருக்கும் ஸ்டுடியோக்காரர்கள். மேடைக்கு எதிரே ட்ரெடிஷனல் எடுப்பவர் ஒருவர், ஓரத்தில் பதுங்கிப் பதுங்கி கேண்டிட் எடுப்பவர் ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், வசதியான வீடென்றால் மண்டபத்துக்கு மேலே வண்டு மாதிரி ரீங்கரிக்கும் ஹெலிகேமுக்கு ஒருவர். “சார், ஃப்ரேம்ல வர்றீங்க” என்று நால்வரும் மாறி மாறிச் சொல்வார்கள். சித்தப்பா இரண்டு அடி தள்ளி, அடுத்தவர் ஃப்ரேமில் போய் நிற்பார்.

சில ஸ்டுடியோக்காரர்கள் இன்னும் ஸ்லேவ் ஃபிளாஷ் வைத்திருக்கிறார்கள். வேறொரு ஃபிளாஷ் மின்னினால், அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தானும் மின்னுகிற விளக்கு அது. மின்னியது யாருடையது என்று அதற்குத் தெரியாது. சித்தப்பா ஒரு தட்டுத் தட்டினால் நாலு மூலையிலும் பளீரென்று வெட்டும். மறுபடி சார்ஜ் ஏற ஓரிரு விநாடி ஆகும். அந்த ஓரிரு விநாடிக்குள்தான் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டிருப்பார்.

கெட்டிமேளம் என்று ஐயர் கையைத் தூக்கியதும் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சித்தப்பாவிடம் இருப்பது 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8. வாயை முழுக்கத் திறந்து வைத்துக் கிட்டத்தில் நின்று எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் சில அங்குலம்தான். பெண்ணின் கண் தெளிவாக இருந்தால் பின்னால் நிற்கும் நாத்தனார் பஞ்சுப் பொதியாகிவிடுவார். பின்னணியை அப்படிக் கரைப்பதற்காகத்தான் அந்த லென்ஸையே வாங்கினார். தவில் அதிர்கிறது, எல்லோரும் எழுந்திருக்கிறார்கள், நானூறு கைகளிலிருந்து அட்சதை பறக்கிறது. கேமராவின் ஆட்டோஃபோகஸ் தனக்கு மிக அருகில் வந்ததைப் பிடித்துக்கொள்கிறது. அன்றைய 23 படங்களில் மஞ்சள் பூசிய ஒரு அரிசி அந்தரத்தில் நிற்கும். முனை உடைந்திருப்பதுகூடத் தெரியும். பின்னால் பச்சையும் சிவப்புமாக இரண்டு கலங்கல்கள், அவைதான் மணமக்கள்.

அடுத்த இடம் பந்தி. வாயில் அப்பளம் நொறுங்கும் அந்தக் கணத்தில்தான் மனித முகத்தில் உண்மை தெரியும் என்பது அவர் கட்சி. “சாப்பிடறப்ப எடுக்காதீங்க கொழுந்தனாரே” என்று பெரிய அண்ணி இலையிலிருந்து கையை எடுத்து முகத்தை மறைப்பார். முகத்தில் ரசம். அதுவும் பதிவாகிவிடும்.

சித்தப்பாவுக்கும் ஒரு சித்தப்பா இருந்தார். அவரிடம் இருந்தது அக்ஃபா க்ளிக் 3. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம், அவ்வளவுதான். பிறகு 35 எம்எம் ஃபிலிம் வந்தது, ஒரு ரோலில் 36. இருட்டில் சாமர்த்தியமாக மாட்டினால் 37 அல்லது 38 தேறும். அந்த உபரி இரண்டில்தான் சமையல்காரர்களும் குழந்தைகளும் இடம்பிடிப்பார்கள். “ரெடியா? யாரும் கண்ணைச் சிமிட்டாதீங்க” என்று மூன்று தலைமுறையை நிற்கவைத்து ஒரே ஒரு கிளிக். கழுவி வந்த பிறகுதான் தாத்தா சிமிட்டியது தெரியும். இன்றைய சித்தப்பா ஒரு கல்யாணத்துக்கு 1,800 படம் எடுக்கிறார். பழைய கணக்கில் 50 ரோல். தாத்தாக்கள் இப்போதும் சிமிட்டுகிறார்கள்.

எடுப்பதோடு விட்டால் அவர் சாதாரண விருந்தாளி. அவருடைய நிஜ உத்தியோகம் கல்யாணம் முடிந்து கட்டுசாதக்கூடையும் கிளம்பிப் போன பிறகு ஆரம்பிக்கிறது.

ஜேபெக் எல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், ‘ரா’வில்தான் எடுக்க வேண்டும் என்பார். சென்சார் கண்டதைக் கண்டபடி வைத்திருக்கும் கோப்பு அது. நிறத்தையும் வெளிச்சத்தையும் பிறகு எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். ஆகவே ராவில் எடுத்து, ரா முழுக்க உட்கார்ந்து திருப்புகிறார். ஒரு படம் சுமார் 25 எம்பி. 1,800 படம் 45 ஜிபி. கம்ப்யூட்டர் விசிறி இரைய, சித்தி புரண்டு படுக்க, லைட்ரூம் மென்பொருளில் பெண்ணின் மூக்கு நானூறு சதவீதம் பெரிதாகித் திரையை நிரப்புகிறது.

அப்படி ஒரு ராத்திரியில்தான் அந்த வினை நடந்தது. பெண்ணின் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. போட்டோஷாப்பில் 2002-லேயே வந்துவிட்ட ஹீலிங் பிரஷ் இதற்கென்றே பிறந்தது: பக்கத்துத் தோலைப் பார்த்து, புள்ளி இருந்த சுவடில்லாமல் நிரப்பிவிடும். சித்தப்பா 140 படங்களில் அதை நீக்கினார். படத்தைப் பார்த்த பாட்டி கேட்டார்: “நான் வச்ச திருஷ்டிப் பொட்டு எங்கடா?”

அது போதாதென்று தோல் நிறம். மனுஷத் தோல் எந்த நாட்டுத் தோலானாலும் லைட்ரூமில் பெரும்பாலும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் வரும். மாப்பிள்ளை முகத்தில் மஞ்சள் தூக்கலாக இருக்கிறதே என்று மஞ்சள் பட்டையைக் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தார். முகம் தெளிந்தது. கூடவே தாலிக்கயிறு வெளுத்தது, சாமந்தி மாலை சோகை பிடித்தது, நகைகளில் இருந்த தங்கம் இறங்கிப்போனது. “பவுன் பவுனா போட்டு அனுப்பினேன், கவரிங் மாதிரி காட்டிட்டாரே உங்க தம்பி” என்று பெண்ணின் அம்மா ஒரு வாரம் புலம்பினார்.

பிறகு ‘மூடி’ என்று ஒரு ப்ரீசெட் பிடித்தார். லென்ஸ் மூடி இல்லை, படத்துக்கு ஒரு சோக பாவம் கொடுக்கிற சங்கதி. பச்சையையெல்லாம் உறிஞ்சிப் பழுப்பாக்கிவிடும். வெளிநாட்டுக் காட்டில் நிற்கும் ஜோடிக்கு அது பொருந்தும். பந்திப் படத்தில் போட்டபோது வாழையிலைகள் மொத்தமும் ஒரே நொடியில் சருகாகின. முந்நூறு பேர் காய்ந்த இலையில் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே ஒரே கேள்வி அவரைத் துரத்தும். “போட்டோ எப்ப வரும் சித்தப்பா?” ஃபோனில், கோயிலில், இன்னொரு கல்யாணத்தில். பதிலும் ஒன்றுதான்: “இன்னும் கொஞ்சம் கரெக்‌ஷன் பாக்கி இருக்கும்மா.” பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிட்டது. அதற்கும் கேமராவோடு வந்தார்.

ஒருநாள் படங்கள் வந்தே விட்டன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் 6,000 பிக்சல் அகலப் படத்தை 1,600 அளவுக்குச் சுருக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். உழைப்பு வீணாகலாமா? ஒவ்வொன்றையும் டாக்குமென்ட்டாகக் குடும்ப குரூப்பில் போட்டார். படம் தெரியவில்லை, எண்களோடு சாம்பல் பெட்டிகள் வரிசையாக இறங்கின. “என்னமோ பில்லு வந்திருக்கு, யாரும் தொடாதீங்க” என்று பெரியப்பா எச்சரித்தார். கூகுளில் ஏற்றினால் இலவசமாகத் தருவது 15 ஜிபிதான். எவ்வளவு வேண்டுமானாலும் சும்மா வைத்துக்கொள்ளலாம் என்ற தர்மம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கடைசியில் பென்டிரைவ் வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்த கவரில் போட்டுக் கொடுத்தார். அதைச் சொருக அந்த வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை.

இதற்குள் ஸ்டுடியோவின் ஆல்பம் எப்போதோ வந்து, கூடத்து டீப்பாய் மேல் பழசாகியிருந்தது. அதைப் புரட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். மாலை மாற்றும்போது ஒரு முழங்கை. அம்மி மிதிக்கும்போது ஒரு முதுகு. தாலி கட்டும் பக்கத்தில், இரண்டு பக்க அகலத்துக்கு, நடுநாயகமாக ஒரு வழுக்கை. முகம் மட்டும் எங்கும் இல்லை.

எழுதிய மொய் திரும்பி வரும் அல்லவா? சித்தப்பாவின் சொந்த மகளுக்குக் கல்யாணம் வந்தது. சித்தி எழுதிய 1,001-கள் முறைப்படி திரும்பின. சித்தப்பா அறிவித்திருந்த மொய்யும் திரும்பியது. மேடைக்கு எதிரே மூன்று வரிசைக்குக் கேமராக்களும் ஃபோன்களும் உயர்ந்து நின்றன; சேர்கள் காலி. அவர் மட்டும் மணையில். தாரை வார்க்க மகள் கையைப் பிடித்திருக்கிறார், சித்தி தண்ணீர் விடுகிறார், ஐயர் மந்திரத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுக்கிறார். சித்தப்பா திருப்பிச் சொல்கிறார், நடுநடுவே சொந்த வரிகள் சேர்கின்றன.

“டேய், லைட்டுக்கு எதிர்ல நிக்காத... ஐஎஸ்ஓவக் குறை... அங்க இல்லடா, இந்தப் பக்கம்!”

“மந்திரத்தச் சொல்லுங்கோ” என்றார் ஐயர்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அண்ணன் மகனுக்கு ஃபோன் போட்டார். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏன்டா, அன்னிக்கு எடுத்தியே, அந்த போட்டோல்லாம் எப்ப வரும்?”

“இன்னும் கொஞ்சம் கரெக்‌ஷன் பாக்கி இருக்கு சித்தப்பா.”