அல்மாட்டியின் பழம்பெருச்சாளி

கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்துக்கு வேலைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வருவார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் போகமாட்டார். எண்ணெய்க் கம்பெனிக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரராக இருக்கலாம், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த கனடாக்காரராக இருக்கலாம், கணக்குப் பார்க்க வந்த கோயம்புத்தூர்க்காரராகவும் இருக்கலாம். சொந்த ஊர் மாறுமே தவிர ஆள் மாறுவதில்லை. எனக்குப் பழக்கம் கோயம்புத்தூர்ப் பதிப்பு என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

"வந்து எத்தனை நாளாச்சுங்க தம்பி?" என்பதுதான் அவர் முதலில் கேட்பது. ஒரு வாரம் என்றாலும் ஒரு வருஷம் என்றாலும் அதே இளக்காரச் சிரிப்பு. தன்னுடைய சீனியாரிட்டியை நேரடியாகச் சொல்லமாட்டார். "நான் வர்றப்ப மெட்ரோவெல்லாம் ஏதுங்க!" என்பார். மெட்ரோ வந்தது 2011 டிசம்பரில். மிச்சக் கணக்கை நாம் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் வல்லவனுக்கு வல்லவன் உண்டே! 1997-இல் தலைநகரம் வடக்கே போவதற்கு முன்பே வந்துவிட்ட பெரியவர் யாராவது விருந்தில் தட்டுப்பட்டால் நம்மவர் மெட்ரோ பேச்சை எடுக்கவே மாட்டார். அந்தப் பெரியவரும், 1993 நவம்பரில் தெங்கே நோட்டு வருவதற்கு முன்னால் ரூபிள் கொடுத்து முட்டைக்கோஸ் வாங்கிய இன்னொருவர் முன்னால் கப்சிப்.

வழி கேட்டால் போச்சு. "ஃபுர்மானோவ் தெருவில அபாய் ரோட்டுக்கு மேலே வாங்க" என்று செய்தி அனுப்புவார். ஃபுர்மானோவ் தெருவுக்கு 2017-இல் முதல் அதிபர் நசர்பாயேவின் பெயரை வைத்து வருஷங்கள் ஓடிவிட்டன. பழைய பெயரைச் சொல்வதில் உள்ளூர்க்காரர்களும் அவர் கட்சிதான், அதை மன்னித்துவிடலாம். 'மேலே' என்பதில்தான் வில்லங்கம். அல்மாட்டியில் மலை தெற்கே இருக்கிறது, நகரம் அதை நோக்கிச் சரிவாக ஏறுகிறது. அதனால் மேலே என்றால் தெற்கு. செல்ஃபோன் வரைபடத்தில் மேலே என்றால் வடக்கு. புதிதாக வந்த பையன் வரைபடத்தை நம்பி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய் நிற்பான். அதில் அவருக்கு அலாதி சந்தோஷம். நேர விஷயத்திலும் இப்படித்தான். 2024 மார்ச் 1-ஆம் தேதி நாடு முழுக்க ஒரே நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்களே, அதை இன்னும் அவர் ஏற்கவில்லை. டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விட்டால் வேறென்ன செய்வார், பாவம். "பழைய நேரப்படி ஆறு மணிங்க" என்பார், கல்யாணப் பத்திரிகையில் நல்ல நேரம் போடுகிற தோரணையில்.

சனிக்கிழமை மலை ஏற்றம். கஜகஸ்தான் ஓட்டலுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் கூட்டம் சேரும், 12-ஆம் நம்பர் பஸ்ஸில் மெதேவு. கடல் மட்டத்திலிருந்து 1,691 மீட்டர் உயரத்தில் பனிச்சறுக்கு அரங்கம் இருக்கும் இடம் அது. அங்கிருந்து அணைக்கட்டின் உச்சிக்கு 842 படி. பழனியே கிட்டத்தட்ட 700 படிதான் என்று யாராவது முனகினால், "அங்கே காத்து இவ்வளவு சுத்தமாவா இருக்கு?" என்று அடக்கிவிடுவார். முன்னூறு படி வரை நம்மவர்தான் முன்னால். அப்புறம் சட்டென்று நின்று, திரும்பி, கையை நீட்டி வரலாறு ஆரம்பித்துவிடுவார். 1966-இல் மலையையே வெடிவைத்துச் சரித்துத்தான் இந்த அணையைத் தொடங்கினார்கள். 1973-இல் மேலிருந்து பொங்கி வந்த சேற்று வெள்ளத்தை இதுதான் தடுத்து ஊரைக் காப்பாற்றியது. எல்லாம் உண்மை. ஒரே ஒரு சந்தேகம்: அவருக்கு மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் ஏன் வரலாறு வருகிறது? ஐந்நூறாவது படியில் அது மறுபடியும் வரும். அந்த நேரம் பார்த்து எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி தோளில் பையோடு விறுவிறுவென்று ஏறிக் கடந்து போவாள். அவளுக்கு வரலாறு தேவைப்படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பச்சை பஜார். சந்தைக்கு அவர் போவது சாமான் வாங்க அல்ல, புதுமுகத்தின் முகத்தைப் பார்க்க. குதிரைக் கறியைக் குடலில் அடைத்த 'கஸி'யைக் காட்டுவார். பையன் சைவம் என்று தெரிந்தால் இன்னும் நெருக்கமாகக் காட்டுவார். அப்புறம் 'குர்த்'. உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை, கோலிக்குண்டு மாதிரி கெட்டி. "சும்மா வாயில போடுங்க தம்பி" என்பார். பையனின் கண் விரியும்போது இவர் முகத்தில் தெரியும் மலர்ச்சிக்காகவே குர்த் செய்கிறவர்களுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் ஆள் கெட்டவர் இல்லை. அடுத்த நிமிஷமே பையனைக் கொரியப் பெண்கள் கடை போட்டிருக்கும் வரிசைக்குக் கூட்டிப்போய், பூண்டும் மல்லியும் போட்ட கேரட் சாலட் அரைக் கிலோ வாங்கிக் கொடுப்பார். 1937-இல் ஸ்டாலின் ரயிலேற்றி அனுப்பிய கொரியர்களின் பேத்திகள் இவர்கள் என்ற கதையும் கூடவே இலவசம்.

அரசான் குளியல் நிலையத்தில் அவர் இன்னொரு அவதாரம். 1982-இல் சோவியத் ஆட்சி கட்டியது; கோவில் மண்டபம் போலப் பளிங்கும் குவிமாடமுமாக இருக்கும். கோடையில் பராமரிப்புக்கென்று வீடுகளில் வெந்நீரை நிறுத்தும் நாட்களில் அங்கே இவர் சபை கூடும். சொந்தமாகக் கம்பளித் தொப்பி வைத்திருக்கிறார். "தொப்பி எதுக்கு சார்?" என்றால், "சூடு தலைக்கேறாம இருக்கத்தான்" என்பார். நீராவி அறையில் ஓக் இலைக் கொத்தைத் தண்ணீரில் நனைத்துப் புது ஆளின் முதுகில் விளாசத் தொடங்குவார். ஒருநாள் மேல் படியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த கஜாக் பெரியவர் ஒருவர் இதைப் பொறுக்கமுடியாமல் எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. கொத்தை வாங்கினார், பையனைக் குப்புறப் படுக்கவைத்தார், உள்ளங்காலிலிருந்து தோள் வரை தட்டித் தட்டி முடித்தார், கொத்தை நம்மவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். "நம்ம ஃபிரண்டுதான்" என்றார் நம்மவர்.

ரஷ்ய மொழியில் அவருக்கு எண்கள் தெரியும், இடது வலது தெரியும், 'பரவாயில்லை' என்பதற்கு 'நர்மால்னா' தெரியும். இதை வைத்து இத்தனை வருஷம் ஓட்டியிருப்பது சாதனைதான். டாக்ஸிக்காரர் இந்தியாவா என்று கேட்டு மிதுன் சக்கரவர்த்தி பெயரைச் சொன்னால், அந்த 'டிஸ்கோ டான்சர்' ஒன்றே வீடு வரைக்கும் பேச்சுக்குப் போதும்.

ஜூன் மாதம்தான் அவருக்கு ஆகாது. பள்ளிக்கூடம் மூடும், ஒப்பந்தங்கள் முடியும், வாரம் ஒரு பிரிவு விருந்து. போகிறவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு, எடுத்துப்போக முடியாததையெல்லாம் இவர் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். வீட்டில் பிரஷர் குக்கர் மட்டும் நாலு. எல்லா அளவிலும் பனிச்சறுக்குப் பூட்ஸ். வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு யாரோ விட்டுப்போன தோம்ப்ரா என்ற தந்தி வாத்தியம். ஆகஸ்டில் புதியவர்கள் வரும்போது அவற்றை இலவசமாகக் கொடுப்பார், அவர்கள் போகும்போது திரும்ப வந்துவிடும்.

அவருக்கு ஒரே எதிரி மருத்துவம் படிக்க வந்திருக்கும் நம் பிள்ளைகள். போன தீபாவளிக் கூட்டத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்குத் தேநீர் மரியாதையை விளக்கிக்கொண்டிருந்தார். "கிண்ணத்தைப் பாதிதான் நிரப்புவாங்க, அதுதான் மரியாதை. முழுசா ஊத்தினா 'கிளம்பு'னு அர்த்தம்." அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேநீர் ஊற்ற வந்த அம்மாவிடம் ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னாள், நடுவில் கஜாக்கும் கலந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிண்ணம் விளிம்பு வரை நிரம்பியது.

"என்னம்மா சொன்னே?"

"ஹாஸ்டல்ல இருந்து வர்றோம், மரியாதையெல்லாம் கட்டுப்படியாகாது, நிறைய ஊத்துங்கன்னு சொன்னேன் அங்கிள். அஞ்சு வருஷமா இங்கேதானே இருக்கேன்."

அங்கிள் கொஞ்ச நேரம் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, எங்க வீட்டுக்கார அம்மாகிட்ட ஒரு ஃபோன் பேசித் தர்றியா? குளியலறைக் குழாய் ரெண்டு மாசமா ஒழுகுது" என்றார்.