இலையும் ஃபிலோவும்: கோயில் இட்லி பற்றி ஒரு சிற்றாராய்ச்சி

கிரேக்க மொழியில் ஃபிலோ என்றால் இலை. காகிதம்போல் மெல்லியதாகத் தேய்த்த கோதுமை மாவுத் தாளுக்கும் கிரேக்கர்கள் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தாளுக்கும் எண்ணெயோ வெண்ணெயோ தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் உப்புநீரில் ஊறிய சீஸை உதிர்த்து வைத்துச் சுட்டால் அது தீரோபிதா. புளித்த ரொட்டி மாவுக்குள் அதே சீஸை வைத்து மூடிச் சுட்டால் தீரோப்சோமோ. தீரி என்பது சீஸ், ப்சோமி என்பது ரொட்டி.

காஞ்சிபுரத்தில் இலை என்றால் மந்தாரை இலை. ஒட்டகத்தின் பாதம்போல நுனி இரண்டாகப் பிளந்த இலை. மூங்கில் குடலையின் உள்சுவரெல்லாம் அதைப் பரப்பி, தயிரும் நெய்யும் கலந்த மாவை ஊற்றி ஆவியில் வேகவைத்தால் அது கோயில் இட்லி. அங்கே மாவே இலையாகி வயிற்றுக்குப் போகிறது. இங்கே இலை இலையாகவே இருந்து, வேலை முடிந்ததும் உரிந்துவிடுகிறது. இரண்டு இலைகளுக்குள்ளும் நடப்பது ஒரே காரியம்தான்: தானியத்தோடு புளித்த பாலைச் சேர்ப்பது. இந்த ஒற்றுமையைச் சமையலறையில் வைத்துச் சோதித்துப் பார்த்ததன் விவரம் இது.

கோயில் இட்லிக்குக் கோயில், சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயில். மடைப்பள்ளியில் வெந்து பெருமாளுக்கு அமுதுசெய்வித்த பிறகே அது நம் கைக்கு வருகிறது. தட்டில் வார்க்கும் இட்லியைப் போல வட்டமாக இருக்காது. குடலை எத்தனை நீளமோ அத்தனை நீளத்துக்கு உருளையாக இருக்கும், வில்லை வில்லையாக அறுத்துத் தருவார்கள். மேலே இலையின் நரம்பு பதிந்திருக்கும். கடித்தால் முதலில் மிளகு, பிறகு சுக்கு, கடைசியில் தயிரின் மெல்லிய புளிப்பு. குடலை என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். நந்தவனத்தில் பெருமாளுக்குப் பூப்பறிக்கிறவர் கையில் இருப்பதும் குடலைதான். பூவுக்கு ஒன்று, இட்லிக்கு ஒன்று என்று ஒரே மூங்கில் பின்னலை ஒரே சந்நிதிக்காக வைத்திருக்கும் ஊர் இது.

இட்லியின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் வழக்கமாகக் கர்நாடகத்துக்குத்தான் போவார்கள். கி.பி. 920-ஐ ஒட்டி எழுந்த கன்னட நூலான வட்டாராதனையில் 'இட்டலிகெ' வருகிறது. சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் ஏறத்தாழ 1130-இல் தொகுத்த வடமொழி நூலான மானசோல்லாசம் 'இட்டரிகா' என்கிறது. உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா இந்தக் குறிப்புகளை அலசி ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: இவை உளுந்தைச் சொல்கின்றன, அரிசியைச் சொல்லவில்லை. இன்றைய வீட்டு இட்லியில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. கோயில் இட்லியின் கணக்கு வேறு. பச்சரிசி ஒரு பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்றுதான் எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து அளக்கிறோம். ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டிய உளுந்து இங்கே மூன்றில் ஒன்று. உளுந்தே பிரதானமாக இருந்த பழைய பண்டத்துக்கும் அரிசி ஓங்கிய இன்றைய பண்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு கட்டம் இந்தக் குடலைக்குள் அப்படியே தங்கிவிட்டது என்பது என் ஊகம். ஊகத்துக்குத் துணையாக இன்னொன்றும் சொல்வேன். இதில் மிளகாய் கிடையாது. மிளகாய் போர்த்துகீசியரோடு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சரக்கு. மிளகும் சுக்கும் அதற்கும் பல நூற்றாண்டு முந்தியவை.

அந்த இரண்டும் கிரேக்கர்களுக்கும் தெரிந்தவைதான். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் மருந்துநூல் எழுதிய டயோஸ்கோரிடீஸ் மிளகையும் இஞ்சியையும் தனித்தனியே விவரிக்கிறார். இஞ்சிக்கு அவர்கள் வைத்த சிங்கிபெரிஸ் என்ற பெயர் திராவிட மொழியின் இஞ்சிவேரிலிருந்து பிராகிருதம் வழியாகப் போனது என்பது மொழியறிஞர் பலர் ஏற்ற கருத்து. சரக்கு ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்த இடத்தில், கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்த மது ஜாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. மது வந்தது, எண்ணெய் வந்தது. சீஸ் மட்டும் நம் சமையலில் இடம் பிடிக்கவில்லை. ஏன் என்பதற்குத் தமிழிலேயே ஒரு விடை இருக்கிறது.

பாலுக்கு நேர்வதை நாம் இரண்டு வினைகளால் பிரித்திருக்கிறோம். பால் உறையும், அல்லது திரியும். உறைந்தால் தயிர், வீட்டுக்கு லட்சுமி. திரிந்தால் கேடு. காலையில் அடுப்பில் வைத்த பால் திரிந்துபோனால் என் பாட்டி அன்று எதையும் புதிதாகத் தொடங்க மாட்டார். வேதியியலாகப் பார்த்தாலும் இந்தப் பிரிவு சரியானது. பிரைமோர் ஊற்றிய பாலில் நுண்ணுயிர்கள் மெல்ல அமிலத்தைப் பெருக்க, பாலின் புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு தண்ணீரையும் தனக்குள்ளேயே பிடித்துவைக்கிறது. இதுதான் உறைதல். திரிதலில் அந்தத் தண்ணீர் பிரிந்துவிடுகிறது. சீஸ் செய்கிறவருக்குத் தண்ணீர் பகை. கன்று, குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைச் சேர்த்துப் பாலைக் கட்டியாக்கி, அந்தக் கட்டியை வெட்டி, நீரை வடித்துவிடுவார். கிரேக்கத்தின் ஃபெட்டா சீஸுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் பாதுகாக்கப்பட்ட பெயர் என்ற தகுதியைத் தந்தபோது விதியையும் எழுதிவைத்தது: செம்மறியாட்டுப் பால் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மீதி வெள்ளாட்டுப் பாலாக இருக்கலாம், குறைந்தது இரண்டு மாதம் முதிர வேண்டும்.

நாம் சீஸுக்கு வைத்த பாலாடைக்கட்டி என்ற பெயர் தவறானது என்றே கருதுகிறேன். பாலாடை என்பது காய்ச்சிய பால்மேல் படியும் ஏடு. சீஸுக்கும் ஏட்டுக்கும் தொடர்பில்லை. தெரியாத பொருளுக்குத் தெரிந்த பொருளின் பெயரை வைத்துவிட்டோம். கடைக்காரரும் நானும் சீஸ் என்றே சொல்லிக்கொள்கிறோம்.

உறைதலுக்கும் திரிதலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டிலிருந்துதான் இரண்டு பண்டங்களின் வடிவமும் பிறக்கிறது. சீஸ் நீர் வடிந்த கட்டி. மாவில் கரையாது, ஆகவே உள்ளே வைத்து மூடுகிறார்கள். தயிர் தண்ணீரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. உள்ளே வைத்தால் ரொட்டி ஊறி நைந்துவிடும், ஆகவே நாம் கலந்துவிடுகிறோம். கிரேக்க ரொட்டியை வெட்டினால் பால் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். கோயில் இட்லியில் அது நாக்குக்கு மட்டுமே தெரியும்.

உப்புவதற்கும் இரண்டு ஊர்களுக்கும் இரண்டு வழி. கோதுமையில் குளூட்டன் என்ற இழுபடும் புரதம் இருக்கிறது. ஈஸ்ட் விடும் காற்றை அது பலூன்போலப் பிடித்துக்கொள்கிறது. அரிசியில் குளூட்டன் இல்லை. அந்த வேலையைச் செய்வது உளுந்து. அதன் வழவழப்பான பசையும் நுரைகட்டும் புரதமும் சேர்ந்து குமிழிகளை உடையாமல் காக்கின்றன. காற்றை உண்டாக்குவது யார் என்பதை 1965-இல் முகர்ஜி, ஸ்டெயின்கிராஸ் முதலிய ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இட்லி மாவை வைத்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். லியூகோனோஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியாதான் மாவைப் பொங்கவைக்கிறது, ஈஸ்ட் தேவையே இல்லை என்று கண்டார்கள். அந்த உயிர் வெளியிலிருந்து வருவதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் அதுவாகவே வருகிறது. ஊறவைக்கும்போது உளுந்தை எட்டுத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டு தடவை அலசினால் போதும்.

இனி வீட்டில் செய்வது. பங்குக்கு ஒரு கப்பாக எடுத்து, அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே நாலு மணி நேரம் ஊறவைத்து, அரிசியை ரவைப் பதத்துக்கும் உளுந்தை அதைவிடச் சற்று நைசாகவும் அரைக்க வேண்டும். உப்புப் போட்டுக் கையால் கலந்து இரவு முழுக்கப் புளிக்கவிட்டு, காலையில் கால் கப் புளித்த தயிர், ஒன்றிரண்டாக உடைத்த மிளகும் சீரகமும் ஒவ்வொரு ஸ்பூன், அரை ஸ்பூன் சுக்குப்பொடி, கிள்ளிய கறிவேப்பிலை, இரண்டு மேசைக்கரண்டி நெய், அதே அளவு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும். நெய்யைக் குறைத்தால் குளிர்ந்தபிறகு இட்லி விறைத்துவிடும். குறைக்கவே கூடாது.

மாவின் பதத்தை எனக்குச் சொல்லித்தந்தவர் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் ஒரு பெண்மணி. முறுக்கிய பட்டு நூலைச் சோற்றுக் கஞ்சியில் நனைத்து வெயிலில் உலர்த்தித் திடமாக்குவது இந்த ஊர் நெசவில் ஒரு படி. அரிசி எந்தப் பதத்தில் எதற்கு உதவும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். நான் அரைத்த மாவைத் தொட்டுப் பார்த்தவுடனே சொன்னார்: "இது நூலுக்குப் போடுற கஞ்சியாட்டம் இருக்குக்கா. இட்லிக்கு விரல்ல நறநறன்னு தட்டுப்படணும்." மறுபடியும் அரிசி ஊறவைத்தேன். அவர் சொன்னது முற்றிலும் சரி. நைசாக அரைத்த மாவு அத்தனை உயரமான குடலையில் நிற்காமல் நடுவில் அமுங்கிவிடுகிறது. ரவைப்பதத்து மாவுக்கு உள்ளே ஆவி நுழைய வழி இருக்கிறது.

வேகும் நேரத்தில்தான் நான் பெரிய தவறு செய்தேன். தட்டு இட்லிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்றால் குடலைக்கு முக்கால் மணி நேரம் போதும் என்று நினைத்தேன். இலையை உரித்து அறுத்தபோது ஓரம் வெந்திருந்தது, நடுவில் மூன்று விரல் அகலத்துக்குப் பச்சை மாவு. பெருமாளுக்கென்று எடுத்துவைத்த நெய்யில் செய்தது அது. அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. காரணம் எளிய இயற்பியல். ஒரு பொருளின் தடிமன் இரட்டித்தால் வெப்பம் நடுவுக்குப் போய்ச்சேர எடுக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆறு சென்டிமீட்டர் அகல டம்ளரில் ஊற்றினால் அரை மணி நேரம். பத்து சென்டிமீட்டர் அகலக் குடலைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. கோயில் குடலை இன்னும் பருமன் என்பதால் அங்கே மூன்று மணி நேரம் ஆவி கட்டுகிறார்கள். குடலை கிடைக்காதவர்கள் டம்ளரில் செய்யலாம், அதில் குறைவொன்றும் இல்லை. இலையை மட்டும் விட்டுவிடக் கூடாது.

இலையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ரொட்டிக்கு மேலோடு எதுவோ அதுவே கோயில் இட்லிக்கு இலை. ஓவனில் 200 டிகிரியில் ரொட்டியின் மேற்பரப்பு உலர்ந்து சிவக்கிறது. வாசனையெல்லாம் அந்தச் சிவப்பில்தான். ஆவி 100 டிகிரியைத் தாண்டாது. அதில் எதுவும் சிவக்காது, எதற்கும் ஓடு பிடிக்காது. தனக்கென்று மேலோடு இல்லாத பண்டத்துக்கு மந்தாரை இலை மேலோடாக இருந்து, ஆவித் தண்ணீர் நேரே மாவில் சொட்டாமல் தடுத்து, தன் வாசனையையும் இறக்கிவிட்டுப் போகிறது. வாழையிலை வைத்தும் செய்துபார்த்தேன். வழுக்கிக்கொண்டு எளிதாக உரிகிறது, ஆனால் வாசனை கல்யாணப் பந்தியின் வாசனை. கோயிலுடையது அல்ல.

தீரோப்சோமோவையும் இதே அடுப்படியில் செய்தேன். ஃபெட்டாவுக்குப் பதிலாகப் பனீரை உதிர்த்து வைத்தால் சப்பென்று இருக்கிறது. சூடான பாலில் எலுமிச்சை பிழிந்து திரட்டியது பனீர், அது புளித்து முதிர்ந்ததல்ல. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடிந்த தெளிவில், 100 மில்லிக்கு ஏழு கிராம் உப்புக் கரைத்து, பனீர்த் துண்டுகளை இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் ஊறவைத்தேன். அந்தப் புளிப்பும் உப்பும் ஏறியபிறகு அது ஃபெட்டாவின் தூரத்து உறவு என்று சொல்லும்படி ஆயிற்று. துணியில் நின்ற கெட்டித் தயிரையும் அதோடு பிசைந்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றிப் புளித்த கோதுமை மாவுக்குள் வைத்து மூடிச் சுட்டேன். நன்றாகவே வந்தது.

கிரேக்கர்களின் இலை எப்போதும் மாவாக இருந்ததில்லை என்பதைப் பிறகுதான் படித்து அறிந்தேன். கி.மு. 424-இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் 'குதிரை வீரர்கள்' நாடகத்தில் த்ரியோன் என்ற பண்டம் பேசப்படுகிறது. த்ரியோன் என்றால் அத்தி இலை. மாவு, முட்டை, பால், கொழுப்பு, சீஸ் எல்லாம் பிசைந்து அத்தி இலையில் சுருட்டி வேகவைத்து, இலையை உரித்துவிட்டு உண்ட பண்டம் அது என்று பழைய உரைகாரர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடையது நாம் சீமை அத்தி என்று சொல்லும் மரம். நம் அத்தி வேறு இனம், ஆனாலும் ஒரே குடும்பம். காஞ்சிபுரத்திலும் அத்திக்கு ஓர் இடம் உண்டு: அத்திமரத்தால் ஆன வரதர், கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் சயனித்திருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருள்வார். 2019-இல் 48 நாள் தரிசனம் தந்தார்.

அடுத்த முறை தீரோப்சோமோ செய்தபோது மாவு உருண்டையை மந்தாரை இலையில் சுற்றி ஈர்க்குக் குத்தி, இட்லிப் பானையில் ஆவி கட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து உரித்தபோது ரொட்டி வெள்ளையாக இருந்தது. மேலே இலையின் நரம்பு அப்படியே பதிந்திருந்தது. அறுத்து ஒரு வில்லையைப் பிள்ளையார்பாளையத்துக்குக் கொண்டுபோனேன். அவர் மணந்துபார்த்துவிட்டு, "கோயில் வாசனை வருதேக்கா, உள்ள என்ன வெள்ளையா?" என்று கேட்டார். திரிந்த பால் என்று சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வாங்கிச் சாப்பிட்டார்.