முதல் அச்சுச் சம்பிரதாயம்

குறுந்தகடு சேகரிப்போரின் மூலஸ்தானம் ஜெர்மனி. சுவீடனின் 'ஆபா' குழு 1981இல் வெளியிட்ட 'தி விசிட்டர்ஸ்', 1982 ஆகஸ்டில் ஹனோவர் அருகே விற்பனைக்கென அச்சான முதல் குறுந்தகடுகளில் ஒன்று. முதல் அச்சைத் தேடிச் சேகரிக்கும் இந்தச் சம்பிரதாயத்தின் தமிழ்க் கிளைக்கு மூலவர் இளையராஜா. அவருடைய 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தது. இசை எல்லாரிடமும் இருக்கிறது. ஆகவே அது ஒரு பொருட்டல்ல. எந்த அச்சு என்று காட்டிக்கொடுக்கும், தகட்டின் நடு ஓட்டையைச் சுற்றிப் பொடி எழுத்தில் பொறித்த எண்தான் விசேஷம். சேகரிப்பாளர் அதை வெளிச்சத்தில் சாய்த்து, வைரத்துக்குத் தோஷம் பார்ப்பதுபோல் பார்ப்பார். உறை பிரிக்காத தகடென்றால் மதிப்பு கூடும். பிரிக்காததைக் கேட்க முடியாது என்பது சில்லறை விஷயம்.

திருவண்ணாமலையில் இந்தச் சம்பிரதாயம் எடுபடவில்லை. அங்கே வாழ்ந்த ரமணர்மீது அதே இளையராஜா 'ரமண மாலை' பாடித் தந்திருந்தும் பயனில்லை. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர், முதல் அச்சா மறு அச்சா என்று யாரிடமும் விசாரிப்பதில்லை. பாதையோரக் கடையில் சிவன் பாட்டு சத்தமாக ஒலித்தால் அவருக்குப் போதும். கடைக்காரருக்கும் அப்படித்தான், தகடு போய் பென் டிரைவ் வந்தபோது அவர் துக்கம் கொண்டாடவில்லை. பென் டிரைவில் முதல் அச்சு என்று ஒன்று கிடையாது.