கறார் கணக்குப்பிள்ளை

யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு வந்த 1971 முதல், கோப்புகளில் வரி, சொல் எண்ணும் வேலையை விடாமல் பார்க்கிறது ‘டபிள்யூசி’ கட்டளை; பைட் கணக்கு பின்னால் சேர்ந்தது. கறாரான கணக்குப்பிள்ளை. ஒரே ஒரு வரி எழுதி, கடைசியில் என்டர் தட்டாமல் சேமித்துக் கேளுங்கள்: வரிகள் பூஜ்யம் என்பார். அவர் எண்ணுவது வரியை அல்ல, வரிமுறிவுக் குறியை.

தமிழென்றால் கணக்கு இன்னும் தாராளம். ‘அம்மா’வுக்கு மூன்று எழுத்து என்கிறது ஒன்றாம் வகுப்பு. யூடிஎஃப்-8 கோப்பில் அந்தச் சொல் மட்டும் 15 பைட். ‘பைட் வேண்டாம், எழுத்தாகச் சொல்லுமய்யா’ என்று மைனஸ் எம் போட்டுக் கேட்டால், புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனி ஆளாக நிறுத்தி ஐந்து என்பார்.

சொற்கணக்கு முழுக்க இடைவெளியை நம்பியது. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் மொழிபெயர்ப்பாளர்களே, சேர்த்து எழுதி நஷ்டப்படாதீர்கள். ஸ்பேஸ் பாரைக் கொஞ்சம் கூடுதலாகவே தட்டுங்கள்.